பேச்சுப் பயிற்சிக்கு முதல் நாள் போகும் முன்



போன மாதம் மஞ்சக்குட்டையில் குழுக் கூட்டம் முடிந்து, சேமிப்பை எண்ணி எழுதிவிட்டுப் புறப்படுகிற நேரம். ஒரு சகோதரி ரோடு வரைக்கும் என் பின்னாலேயே வந்தார். கூட்டத்தில் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ரோட்டுக்கு வந்த பிறகுதான் கேட்டார்: "மேடம், பையனுக்கு ரெண்டரை வயசு ஆகுது. இன்னும் அம்மான்னு கூப்பிடல. பால்வாடிக்கு வந்த டாக்டரம்மா சேலம் போகச் சொல்லி சீட்டு கொடுத்தாங்க. அங்க போனா என்ன பண்ணுவாங்க? நாக்குல ஊசி போடுவாங்களா?"

சீட்டை வாங்கிப் பார்த்தேன். கொடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மடித்து மடித்து மூலை கிழிந்து, ரேஷன் கார்டுக்குள் பத்திரமாக இருந்தது.

அவருக்குப் பிள்ளை மேல் அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அங்கே என்ன நடக்கும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை, அதனால்தான் போகவில்லை. ரோட்டோரம் நின்று அவருக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்குத் தேவைப்படாவிட்டாலும் பக்கத்து வீட்டுக்குத் தேவைப்படலாம்.

முதலில் அவருடைய கேள்விக்குப் பதில். நாக்கில் ஊசி போட மாட்டார்கள். பேச்சுப் பயிற்சிக்கு முதல் நாள் போனால் பெரும்பாலும் ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. பேசுவார்கள், கேட்பார்கள், பிள்ளையோடு பொம்மை வைத்து விளையாடுவார்கள். காதைப் பரிசோதிப்பார்கள். சிலர் திரும்பி வந்து, "அவ்வளவு தூரம் போனோம், சும்மா விளையாடிட்டு அனுப்பிட்டாங்க" என்று குறைப்பட்டுக்கொள்கிறார்கள். அந்த விளையாட்டுதான் பரிசோதனை. பிள்ளை கண்ணைப் பார்க்கிறதா, பொம்மையைக் காட்டிக் கேட்கிறதா, சொன்னது புரிகிறதா என்பதையெல்லாம் அதில்தான் கவனிக்கிறார்கள்.

எப்போது காட்ட வேண்டும்?

"ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்", "அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினாரு" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். சில பிள்ளைகள் கொஞ்சம் பிந்திப் பேசுவது உண்மைதான். ஆனால் தானாகப் பேசிவிடும் பிள்ளை எது, உதவி வேண்டிய பிள்ளை எது என்று வீட்டில் உட்கார்ந்துகொண்டு நம்மால் சொல்ல முடியாது. கீழே சொல்வது இருந்தால் காத்திருக்கக் கூடாது.

ஒரு வயதில் "பப்பா, தத்தா" என்று மழலை வரவேண்டும். விரலால் காட்டுவது, டாட்டா காட்டுவது, பேர் சொன்னால் திரும்புவது இருக்கவேண்டும். ஒன்றரை வயது நெருங்கும்போது தெளிவில்லாமலாவது சில வார்த்தைகள் இருக்கவேண்டும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு வார்த்தையைத் தானாகச் சேர்க்கவேண்டும். இதெல்லாம் இல்லையென்றால் காட்டிவிடுங்கள். பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டால் எந்த வயதானாலும் உடனே காட்டுங்கள். அது சாதாரணம் இல்லை.

பேச்சு வராததற்குப் பல காரணங்கள் உண்டு. காது கேட்காமல் இருக்கலாம். மூளை வளர்ச்சியில் தாமதம் இருக்கலாம். ஆட்டிசம் இருக்கலாம். வாய், நாக்குத் தசைகள் பிடிப்பாகவோ தளர்வாகவோ இருக்கலாம். மேலண்ணத்தில் பிளவு இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. அதனால்தான் "பக்கத்து ஊர்ப் பிள்ளைக்குக் கொடுத்த மருந்து" என்று எதையும் கொடுக்க வேண்டாம் என்கிறோம்.

வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தால் பேச்சு வரும் என்று என் பாட்டியும் சொல்வார். என் நாக்கிலும் தேய்த்திருக்கிறார். நான் பேசுவதைக் கேட்டால் பலன் இருந்தது என்றுதான் உங்களுக்குத் தோன்றும்! ஆனால் காது கேட்காத பிள்ளைக்கு வசம்பால் காது கேட்காது. ஒரு வயதுக்குள் தேன் தடவுவதும் வேண்டாம், அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி சின்னக் குழந்தைக்கு ஆபத்து. நாக்கின் அடி நரம்பை வீட்டிலோ வைத்தியரிடமோ வெட்டிவிடுவது கூடவே கூடாது. அடிநாக்கு ஒட்டியிருந்தாலும் பெரும்பாலான பிள்ளைகள் பேசிவிடுகிறார்கள். வெட்ட வேண்டுமா என்று பார்த்துச் சொல்ல வேண்டியது டாக்டர்.

சாமிக்கு வேண்டிக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. சேர்வராயன் மலைக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, அதே வாரத்தில் ஆஸ்பத்திரிக்கும் போங்கள்.

யாரிடம் போவது?

2013-ல் ஆரம்பித்த ஆர்.பி.எஸ்.கே. என்ற சிறார் நலத் திட்டத்தில், டாக்டரும் நர்ஸும் அடங்கிய குழு வண்டியில் வருகிறது. வருடத்துக்கு இரண்டு முறை பால்வாடிக்கும், ஒரு முறை அரசுப் பள்ளிக்கும் வரவேண்டும் என்பது ஏற்பாடு. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்க்கிறார்கள். பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் இந்த நான்கையும் பார்த்து, தேவைப்பட்டால் சீட்டு எழுதுவார்கள். சீட்டைக் கொண்டு போக வேண்டிய இடம் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையம். நமக்கு அது சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இருக்கிறது. பேர் பெரிதாக இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். பெரியாஸ்பத்திரியில் போய் "டி.இ.ஐ.சி. எங்கே இருக்கு?" என்று கேட்டால் வழி காட்டுவார்கள். குழந்தை டாக்டர், பேச்சு மற்றும் காது பரிசோதகர், உடற்பயிற்சி கொடுப்பவர் என்று பலரும் ஒரே இடத்தில் பார்ப்பதுதான் இந்த மையத்தின் நோக்கம். காசு கிடையாது.

புறப்படும் முன் கிராம செவிலியரிடமோ பால்வாடி டீச்சரிடமோ சொல்லி, எந்த நாளில் யார் இருப்பார்கள் என்று போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது.

நான் செய்த தப்பு

வேலைக்கு வந்த புதிதில் ஒரு தாயை அனுப்பிவைத்தேன். பையனுக்கு இரண்டு வயது. "காலையில போங்க, காதை டெஸ்ட் பண்ணுவாங்க" என்று மட்டும் சொன்னேன். சமூகப் பணியில் பட்டம் வாங்கியவள்தான், ஆனால் காது டெஸ்ட் எப்படி எடுப்பார்கள் என்று எனக்கே தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை.

அவர் பாவம், வெளியூருக்குப் போகிறோம் என்று பிள்ளையைக் குளிப்பாட்டி, தலை நிறைய எண்ணெய் வைத்து, வழித்துச் சீவி, நெற்றியில் பெரிய மைப்பொட்டு வைத்து, புதுச் சட்டை போட்டுக் கூட்டிப்போனார். பையன் வளைவில் வாந்தி எடுத்து, அசந்து, சேலம் வரைக்கும் மடியில் தூங்கிவிட்டான்.

அந்த டெஸ்ட்டோ பிள்ளை தூங்கும்போது எடுக்க வேண்டியது. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டுவார்கள். எண்ணெய்த் தலையில் ஒயர் ஒட்டவில்லை. பஸ்ஸில் நன்றாகத் தூங்கி எழுந்த பிள்ளை அங்கே தூங்க மாட்டேன் என்று ஓடியாடி விளையாடினான். மதியம் வரை பார்த்துவிட்டு, இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அது காப்பிப் பழம் எடுக்கிற நேரம். ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு போச்சு. வீட்டுக்காரர், "இதுக்குத்தான் போனியா?" என்று கேட்டிருக்கிறார். அந்தத் தாய் மறுபடி போக எட்டு மாதம் ஆனது. எட்டு மாதம் என்பது ரெண்டு வயசுப் பிள்ளைக்குச் சின்ன விஷயம் இல்லை. முதல் மூன்று வருடத்தில்தான் மூளை பேச்சை வேகமாகப் பிடித்துக்கொள்கிறது.

ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐந்து நிமிடம் விசாரித்துச் சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

காது டெஸ்ட்டுக்குத் தயாராவது

பேச்சு வராத எந்தப் பிள்ளைக்கும் முதலில் காதைத்தான் பார்ப்பார்கள். "எங்க பிள்ளைக்குக் காது நல்லா கேக்குது மேடம், கதவைச் சாத்துனா திரும்புது" என்று சொல்வீர்கள். கதவுச் சத்தம் கேட்கும், பேச்சுச் சத்தம் கேட்காது என்கிற பிள்ளைகளும் உண்டு. கதவு சாத்தும்போது தரை அதிர்வதை உணர்ந்து திரும்பும் பிள்ளைகளும் உண்டு.

ஒரு பரிசோதனையில் காதுக்குள் சின்ன அடைப்பான் மாதிரி வைத்து, சில நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள். பிள்ளை அழாமல் அசையாமல் இருந்தால் போதும். இன்னொன்று பெரா டெஸ்ட். மேலே சொன்ன ஒயர் ஒட்டுகிற டெஸ்ட் அதுதான். வலி கிடையாது, ஷாக் அடிக்காது. பிள்ளை தூங்கவேண்டும், அவ்வளவுதான். தூங்காத பிள்ளைக்கு டாக்டர் பார்த்துத் தூக்க மருந்து கொடுப்பதும் உண்டு.

ஆகவே அந்த நாளுக்கு முதல் நாளே தலைக்குக் குளிப்பாட்டி எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். நெற்றியில் மை வேண்டாம், திருஷ்டிப் பொட்டை உள்ளங்காலில் வையுங்கள். முந்தின இரவு கொஞ்சம் நேரம் கழித்துத் தூங்கவைத்து, காலையில் சீக்கிரம் எழுப்புங்கள். பஸ்ஸில் தூங்கவிடாதீர்கள். சொல்வது சுலபம், 20 கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் பெரியவர்களுக்கே கண் சொக்கும். அதனால் துணைக்கு ஒருவர் வேண்டும். ஒருவர் பையைப் பார்த்துக்கொண்டால் இன்னொருவர் பிள்ளைக்கு ஜன்னலில் குரங்கு காட்டலாம். தூங்கவைக்கும்போது வழக்கமாகப் போர்த்தும் சேலைத்துணி ஒன்றையும் எடுத்துப் போங்கள். புது இடத்தில் அம்மா வாசனை இருந்தால் பிள்ளை தூங்கும்.

காதில் சீழ் வடிந்தாலோ சளி பிடித்திருந்தாலோ முன்கூட்டியே சொல்லுங்கள். முதலில் அதைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். காதில் எண்ணெய் ஊற்றவே வேண்டாம்.

நம் குழு நோட்டு மாதிரி ஒரு நோட்டு

தீர்மான நோட்டு எழுதத் தெரிந்தவர்கள் நாம். அதே பழக்கத்தில் பிள்ளைக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். எழுத வராதவர்கள் பள்ளிக்குப் போகும் பெரிய பிள்ளையை எழுதச் சொல்லலாம். ஒரு வாரம் போதும்.

பிள்ளை சொல்கிற வார்த்தைகளை, சொல்கிற மாதிரியே எழுதுங்கள். தண்ணீரை "ன்னி" என்று சொன்னால் "ன்னி" என்றே எழுதவேண்டும். அதுவும் வார்த்தைதான், கணக்கில் சேரும். ஆட்டைப் பார்த்து "ம்மே" என்றால் அதையும் எழுதுங்கள். பசித்தால் எப்படிக் கேட்கிறது? அழுகிறதா, கையைப் பிடித்து அடுப்பிடம் இழுத்துப் போகிறதா, விரல் நீட்டுகிறதா? "செருப்பை எடுத்துட்டு வா" என்றால், கையால் காட்டாமல் வாயால் மட்டும் சொன்னாலும் புரிகிறதா? இதையெல்லாம் அங்கே கேட்பார்கள். அங்கே உட்கார்ந்து யோசித்தால் ஒன்றும் ஞாபகம் வராது.

செல்போன் இருந்தால் இரண்டு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பிள்ளை விளையாடும்போதோ எதையாவது கேட்கும்போதோ ஒரு நிமிடம். இன்னொன்று, சாப்பிடும்போது. வீட்டில் வாயாடும் பிள்ளைகூட புது ஆளைப் பார்த்தால் அம்மா முந்தானைக்குள் போய்விடும். எடுக்கும்போது "சொல்லு, சொல்லு, அம்மா சொல்லு" என்று பிடுங்காமல், அது பாட்டுக்கு இருக்கும்போது எடுங்கள்.

என்னென்ன கேட்பார்கள்? பிறந்தவுடன் அழுததா, எத்தனை கிலோ, மாதம் முடிந்து பிறந்ததா, கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்களா, மஞ்சள் காமாலைக்கு லைட் வைத்தார்களா, வலிப்பு வந்ததா, கழுத்து எப்போது நின்றது, எப்போது உட்கார்ந்தது, நடந்தது. தாய் சேய் நல அட்டையும் பிரசவ ஆஸ்பத்திரிச் சீட்டும் இருந்தால் பாதிக் கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கும். அவற்றோடு பால்வாடி எடை அட்டை, ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். நம் மலையில் மழை எப்போது வரும் என்று யார் கண்டது?

சொந்தத்தில் கல்யாணமா என்றும் கேட்பார்கள். மாமன் மகனையோ தாய்மாமனையோ கட்டியிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். சில பிறவிக் காது கேளாமைக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதால் கேட்கிறார்கள். உங்களைக் குற்றம் சொல்வதற்காக அல்ல. வீட்டில் டி.வி., செல்போன் எவ்வளவு நேரம் என்று கேட்டாலும் உள்ளதைச் சொல்லுங்கள். எஸ்டேட் வேலைக்குப் போகும் தாய் சமைக்கும் நேரத்தில் போனைக் கொடுத்து உட்காரவைப்பது எனக்குத் தெரியாததா? குறைத்துச் சொன்னால் அவர்கள் சொல்லும் வழி நம் வீட்டுக்குப் பொருந்தாமல் போகும்.

பகல் முழுக்கப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பாட்டி என்றால் பாட்டியும் வரவேண்டும். அம்மாவுக்குத் தெரியாதது பாட்டிக்குத் தெரியும். தவிர, வீட்டில் பயிற்சி செய்யப்போவதும் அவர்தான்.

இன்னொரு வேண்டுகோள். வழியில் பிள்ளை அடம் பிடித்தால் "சும்மா இரு, டாக்டர் ஊசி போட்டுடுவாரு" என்று மிரட்டாதீர்கள். உள்ளே போனதும் பிள்ளை அலறும், அன்றைய நாள் அதோடு முடிந்தது.

சாப்பிட, விழுங்கச் சிரமப்படும் பிள்ளைகள்

பேச்சு வரவில்லை என்றாவது நாலு பேர் கேட்பார்கள். சாப்பாட்டுச் சிரமத்தைப் "பிள்ளை சரியாகவே சாப்பிட மாட்டேங்குது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்களே இதையும் பார்ப்பார்கள். பேசவும் மெல்லவும் விழுங்கவும் அதே உதடு, அதே நாக்கு, அதே தொண்டைதானே.

கவனிக்க வேண்டியவை: பால் குடிக்கும்போது அடிக்கடி புரையேறுவது, மூக்கு வழியாகப் பால் வருவது, குடித்த பிறகு குரல் கொழகொழவென்று கேட்பது, ஒவ்வொரு வேளையும் அரை மணிக்கு மேல் ஆவது, எடை ஏறாமல் நிற்பது, அடிக்கடி நெஞ்சுச் சளி வருவது, ஒரு வயது தாண்டி நாளாகியும் மிக்ஸியில் அடித்ததைத் தவிர எதையும் ஏற்காதது. மூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்கும் மேலண்ணப் பிளவு உள்ள குழந்தைகளுக்கும் இது அதிகம். மூக்கில் பால் வரும் கைக்குழந்தையின் மேலண்ணத்தை வெளிச்சத்தில் டாக்டர் பார்க்கவேண்டும். உதடு நன்றாக இருந்தாலும் உள்ளே பிளவு இருக்கலாம். அதற்கு ஆபரேஷன் உண்டு, அதுவரை தலையை உயர்த்திப் பிடித்துப் பால் கொடுக்கும் முறையைச் சொல்லித் தருவார்கள்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால் மேல் மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்கைப் பிடித்து சங்கில் ஊற்றுகிற பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. மூக்கை அடைத்தால் பிள்ளை வாயால் மூச்சு இழுக்கும். மூச்சோடு பாலும் நுரையீரலுக்குப் போகும். விழுங்கச் சிரமம் உள்ள பிள்ளைக்கு இது உயிருக்கே ஆபத்து. சங்கு, பாலாடை மேல் தப்பு இல்லை. எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியிலேயே பாலாடையில் கொடுக்கிறார்கள். தலையை நிமிர்த்தி வைத்து, உதட்டோரம் கொஞ்சம் கொஞ்சமாக, பிள்ளை விழுங்கின பிறகு அடுத்தது என்பதுதான் முறை.

இந்த விஷயத்துக்காக முதல் முறை போகும்போது, பிள்ளையின் சொந்த டம்ளர், ஸ்பூன், பாட்டில் எதுவோ அதை எடுத்துப்போங்கள். சாப்பாட்டில் மூன்று வகை: சுலபமாகச் சாப்பிடுவது ஒன்று, கஷ்டப்பட்டுச் சாப்பிடுவது ஒன்று, துப்பிவிடுவது ஒன்று. ராகிக் கூழோ, பால்வாடி சத்துமாவு உருண்டையோ, இட்லியோ, வாழைப்பழமோ வீட்டில் உள்ளது போதும், கடையில் வாங்க வேண்டாம். அங்கே பிள்ளை சாப்பிடுவதை நேரில் பார்க்க விரும்புவார்கள், எனவே பிள்ளைக்குப் பசி இருக்கவேண்டும். ஆனால் பட்டினி போட்டுக் கூட்டிப்போனால் அழுகைதான் மிச்சம். பஸ் ஏறுவதற்கு முன் கொஞ்சமாகக் கொடுங்கள். வயிறு முட்டக் கொடுத்தால் எப்படியும் வளைவில் வெளியே வந்துவிடும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

வீட்டில் எப்படி ஊட்டுவீர்களோ அப்படியே அங்கேயும் ஊட்டிக் காட்டுங்கள். அவர்கள் முன்னால் நல்ல பேர் வாங்க வேண்டும் என்று நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டினால் உண்மை தெரியாது. திட்டினால் திட்டட்டும்! நோட்டில் மூன்று நாள் கணக்கு வேண்டும்: என்ன கொடுத்தீர்கள், எத்தனை கரண்டி, எவ்வளவு நேரம் ஆனது, எதற்குப் புரையேறியது.

உதடு நீலமானால், மூச்சு வாங்கினால், காய்ச்சலோடு விலா உள்வாங்கினால், பாலே இறங்காமல் ஒன்றுக்குப் போவதும் குறைந்தால், சேலம் போகும் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. அப்போதே 108-க்குப் போன் செய்யுங்கள்.

கூலி, பஸ் காசு, குழு

பயிற்சி ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை. முதல் நாளே இதை மனதில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. வாரம் ஒரு முறை வரச் சொல்லலாம், மாதம் இரு முறை வரச் சொல்லலாம். காப்பி எடுக்கும் காலத்தில் வாரம் ஒரு நாள் கூலியை விடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று மலைக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. அதனால் அங்கேயே வெளிப்படையாகச் சொல்லுங்கள்: "எங்களால வாரா வாரம் வர முடியாது. மாசத்துக்கு ரெண்டு தரம் வரோம். நடுவுல வீட்டுல என்ன செய்யணும்னு செஞ்சு காட்டுங்க." சரி என்று தலையாட்டிவிட்டு அப்புறம் போகாமலே இருந்துவிடுவதைவிட இது எவ்வளவோ மேல். பள்ளி வயதுப் பிள்ளை என்றால் வட்டார வள மையத்தின் சிறப்பு ஆசிரியர்களிடமும் கேட்கலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடைத்தால் பஸ் கட்டணச் சலுகை உண்டு. அட்டை இல்லை என்று முதல் நாள் போகாமல் இருக்க வேண்டாம், அது பிறகு வாங்குவது.

குழு என்ன செய்யலாம்? ஒரு குழுவில் இதற்கென்று சின்னதாக உள்கடன் கொடுத்து, மூன்று மாதம் கழித்துத் திருப்பிக் கட்டினால் போதும் என்று தீர்மானம் போட்டார்கள். வேறொரு குழுவில் பணம் கொடுக்கவில்லை, முறை வைத்துத் துணைக்குப் போனார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. டோக்கன் வரிசையில் ஒருத்தர் நிற்க, இன்னொருத்தர் பிள்ளையை வெளியே உலாத்த முடிந்தது. அந்தத் தாய் அழுதபோது பக்கத்தில் ஆள் இருந்தது.

ஏனென்றால் அழுகை வரும். "உன் வயித்துல பொறந்ததுதான் இப்படி" என்ற பேச்சைக் கேட்டுக்கேட்டுப் பழகியவர்கள் பலர். அதைச் சொல்பவர்கள் நம் குழுவிலேயே இருக்கிறார்கள். எழுதக் கஷ்டமாக இருந்தாலும் எழுதுகிறேன்.

வெளியே வரும் முன் கேட்க வேண்டியது

புரியாவிட்டால் மறுபடி கேளுங்கள், தப்பே இல்லை. பிள்ளைக்கு என்ன பிரச்சினை என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் தினமும் செய்ய வேண்டியதில் முக்கியமான இரண்டு எது என்று கேளுங்கள். பத்துச் சொன்னால் ஒன்றும் நடக்காது, நமக்கே தெரியும். அதை அவர்கள் ஒருமுறை செய்து காட்ட, நீங்கள் அவர்கள் முன்னால் செய்து காட்டுங்கள். போனில் வீடியோ எடுக்க அனுமதி கேட்டால் வீட்டுக்காரருக்கும் பாட்டிக்கும் காட்டலாம். அடுத்த தேதியைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

சிலர் அவசரத்தில் பணம் கட்டித் தனியாரிடம் போகிறீர்கள். போவது உங்கள் விருப்பம். அவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்தவரா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். "மூணு மாசத்துல பேச வெச்சிடறேன், இவ்வளவு ஆகும்" என்று முதல் நாளே பேரம் பேசுகிறவரிடம் சங்கக் கடன் எடுத்துக் கொட்டாதீர்கள்.

காது சுத்தமாகவே கேட்கவில்லை என்று தெரிந்தாலும் வழி இருக்கிறது. காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி மாற்றுத்திறனாளிகள் நலத் துறை மூலம் இலவசமாகக் கிடைக்கிறது. கருவி வைத்தும் கேட்காத பிள்ளைக்கு, 6 வயதுக்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் ஆபரேஷன் செய்கிறார்கள். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் கேட்கும் பயிற்சி வேண்டும். வயதுக் கெடு இருப்பதால்தான் மூன்று மாதம் மடித்து வைத்த சீட்டைப் பார்த்து எனக்குப் பகீரென்றது.

எட்டு மாதம் கழித்துப் போன பையனைப் பற்றிச் சொல்லவேண்டுமே. இரண்டாவது முறை நானும் கூடப் போனேன். நாலு மணிக்கே எழுப்பி, தலையில் பொட்டு எண்ணெய் இல்லாமல், வழி முழுக்கப் பாட்டுப் பாடித் தூங்கவிடாமல் கொண்டுசேர்த்தோம். அங்கே போய்ச் சேலைத்துணியை விரித்ததும் தூங்கிவிட்டான். இரண்டு காதிலும் கேட்பது குறைவு என்று தெரிந்தது. கருவி மாட்டிய முதல் வாரம் கழற்றிக் கழற்றி எறிந்தான், ஒரு தரம் கோழிக் கூண்டிலிருந்து எடுத்தார்களாம். அப்புறம் ஒரு நாள் குக்கர் விசில் அடித்தபோது விளையாட்டை விட்டுவிட்டு அடுப்பைத் திரும்பிப் பார்த்திருக்கிறான். அவன் அம்மா அன்றைக்குச் சோறு குழையக் குழைய விசில் விட்டதாகச் சொன்னார்.

கருவி வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நம் மலையில் பனிமூட்டமும் ஈரமும் அதிகம், ஈரம் பட்டால் கருவி கெட்டுவிடும். ராத்திரி கழற்றியதும் பேட்டரி மூடியைத் திறந்து, காய்ந்த துணியால் துடைத்து, இறுக்கமாக மூடுகிற டப்பாவில் வையுங்கள். புதுச் செருப்பு, பை வாங்கும்போது உள்ளே மணிமணியாக ஒரு சின்னப் பொட்டலம் இருக்குமே, ஈரத்தை உறிஞ்சுவது, அதையும் டப்பாவில் போட்டுவைக்கலாம். பிள்ளை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியையும் அப்படித்தான், விழுங்கிவிட்டால் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். அடுப்புத் திட்டில் காயவைக்கிறேன் என்று வைத்துவிடாதீர்கள், போன மழைக்கு ஒரு கருவி அப்படித்தான் உருகிப்போனது.